குருவி தின்ற ஏழு டன்

நெமிலிச்சேரி ரயில் நிலையத்தில் இறங்கித் தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால், முள்வேலிக்கு அந்தப் பக்கம் ‘வெப்பமண்டலப் பயிர் விளைச்சல் பெருக்க மையம்’ என்று ஒரு பலகை தெரியும். பலகையின் நீளத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஒன்றும் இருக்காது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. உள்ளே நாற்பத்தோரு அதிகாரிகள் இருந்தார்கள். மூன்று ஜீப், இரண்டு கருத்தரங்கக் கூடம், ஓடாத குளிர்சாதனப் பெட்டி ஒன்று. எல்லாவற்றுக்கும் பின்னால், போனால் போகிறது என்று நாலு ஏக்கர் வயலும் இருந்தது. அந்த வயலுக்கு ஒரே ஒரு ஆள், சின்னப்பையன்.

பேர்தான் சின்னப்பையன். வயசு முப்பத்தெட்டு, மூன்று பிள்ளைக்கு அப்பன். கதிர் பால் பிடிக்கிற நாளிலிருந்து அறுப்பு முடிகிற வரைக்கும் தகர டின்னைத் தட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடிக் குருவி விரட்டுவது அவன் வேலை. மற்ற நாளில் களை பிடுங்குவான், தண்ணீர் கட்டுவான், அதிகாரிகளுக்கு டீ வாங்கி வருவான். பதினோரு வருஷமாக இதே வேலை. ஆனால் பதினோரு வருஷமும் அவன் ‘தற்காலிகம்’தான். எண்பத்தொன்பது நாள் வேலை கொடுப்பார்கள். தொண்ணூறாவது நாள் காலையில் வேலையைவிட்டு நீக்குவார்கள். மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து தொண்ணூறு நாள் வேலை பார்த்துவிட்டால் சட்டப்படி அவன் ஒரு மனிதனாகிவிடுவானாம். மனிதனானால் லீவு கேட்பான், பண்டிகைக்கு முன்பணம் கேட்பான், யார் பதில் சொல்வது? நீக்கப்பட்ட அந்த ஒரு நாளும் சின்னப்பையன் தகர டின்னோடு வயலுக்கு வந்துவிடுவான். அந்தச் சட்டம் குருவிகளுக்குத் தெரியாதே.

எண்பத்தெட்டாம் வருஷம் எப்படியோ அவனை நிரந்தரமாக்க ஒரு கோப்பு நகர்ந்தது. ஒன்பது மேசை தாண்டி, கடைசிக் கையெழுத்துக்காக இயக்குநர் அறை வாசலில் வந்து நின்றது. சின்னப்பையனின் பெண்டாட்டி பேபி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவள், தினமும் கேட்பாள்.

“இன்னாய்யா, கையெழுத்து ஆச்சா?”

“ஆவும்மே. புது நெல்லு வெளியீட்டு விழாவுல குடுக்கிறாங்களாம்.”

அந்தப் புது நெல்லில்தான் வினையே இருந்தது.

நெல்லுக்குப் பெயர் ‘நிமிர்-1’. இயக்குநர் டாக்டர் பக்தவத்சலம் அவர்களின் வாழ்நாள் கண்டுபிடிப்பு. எங்கேயோ குளிர்தேசத்து நெல்லையும் நம்மூர் நெல்லையும் கலந்தது. இரண்டு வருஷம் பத்துப் பெண்கள் உட்கார்ந்து, சாமணத்தால் ஒவ்வொரு நெற்பூவாகத் திறந்து, உள்ளே இருப்பதைப் பிடுங்கிவிட்டு, வேறு பூவின் மகரந்தத்தை உதிர்த்து, மணி மணியாகச் சேர்த்த விதை. இரண்டு சென்ட் பாத்திக்குத்தான் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, பயிர் இடுப்புக்கு மேல் வளர்ந்து கருகருவென்று நின்றது. கதிர் வந்தது. பக்கத்துப் பாத்திகளில் கதிரெல்லாம் கனத்துத் தலை தொங்கிக் கிடக்க, நிமிர்-1 மட்டும் போலீஸ்காரன் மாதிரி விறைப்பாக நின்றது.

சின்னப்பையனுக்கு முதல் வாரமே சந்தேகம் தட்டியது. நாலு ஏக்கரிலும் குருவி மொய்க்கிறது. கிளி வருகிறது, மைனா வருகிறது. இந்த இரண்டு சென்ட் பக்கம் மட்டும் ஒரு ஜீவன் எட்டிப்பார்க்கவில்லை. உட்கார்ந்த ஒரு தினைக்குருவியும் ஒரு மணியைக் கொத்தி, துப்பி, சின்னப்பையனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்துபோயிற்று. அவன் இறங்கிப் போய் ஒரு மணியை நகத்தால் நசுக்கினான். பால் வரவில்லை. பத்து மணி நசுக்கினான். இன்னொரு கதிர், இன்னொரு கதிர். உமிதான் இருந்தது, உள்ளே காற்று.

களப்பணி உதவியாளர் சம்பத்திடம் ஓடினான்.

“சம்பத் சார், பெரியவரு நெல்லு அம்புட்டும் பதரு சார்!”

சம்பத் சுற்றும்முற்றும் பார்த்தான். பூந்தமல்லிக்காரன், எம்.எஸ்ஸி. படித்தவன், கல்யாணமாகாதவன். ஆகவே எல்லாவற்றுக்கும் பயந்தவன்.

“கத்தாதே. பதர்னு சொல்லக்கூடாது. ‘மணி நிரம்பா நிலை’ன்னு சொல்லணும். ரொம்ப தூரத்து ஜாதி ரெண்டைக் கலந்தா அப்படித்தான் ஆகும். கோவேறு கழுதை பார்த்திருக்கியா? உடம்பு வாட்டசாட்டமா இருக்கும், குட்டி போடாது.”

“அப்ப பெரியவராண்ட சொல்லிட வேண்டியதுதானே சார்?”

“எப்படிச் சொல்றது? ஹெக்டேருக்கு ஏழு டன்னு ஆண்டறிக்கை ஐப்பசியிலேயே அச்சாயிடுச்சு. தில்லிக்கும் போயிடுச்சு. நெல்லுதான் இன்னும் விளையலை.”

இதைச் சொல்லிவிட்டு சம்பத் மூன்று நாள் லீவில் போய்விட்டான்.

நாலாம் நாள் இயக்குநரே வயலுக்கு வந்தார். அவர் வயலுக்கு வருவது வருஷத்தில் இரண்டு தரம், ஒன்று புகைப்படத்துக்கு, இன்னொன்று புகைப்படம் சரியாக விழாததற்கு. ஜீப்பிலிருந்து இறங்கி, குடை நிழலில் நின்று, நிமிர்-1ஐ வாஞ்சையோடு பார்த்தார். அப்புறம் முகம் சுருங்கியது.

“ஏம்ப்பா, எல்லாப் பாத்தியிலும் குருவி இருக்கே, இதில் ஏன் இல்லை?”

பதர் என்று சொன்னால் கோப்பு போச்சு. சொல்லாவிட்டால் பொய். இரண்டுக்கும் நடுவே சின்னப்பையன் ஒரு பதிலைப் பிடித்தான்.

“தெரியல சார். அதுங்களுக்கு இஷ்டமில்ல போல கீது.”

இயக்குநர் குடையைப் பிடுங்கிக் கீழே போட்டார். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

“பறவை எதிர்ப்புத் திறன்! பூச்சிக்கு எதிர்ப்பு கண்டுபிடிச்சிருக்கான், நோய்க்கு எதிர்ப்பு கண்டுபிடிச்சிருக்கான். பறவைக்கு எதிர்ப்பு, உலகத்திலேயே நாமதான்!”

அன்று மத்தியானமே கருத்தரங்கு கூடியது. இயக்குநர் ஒன்றரை மணி நேரம் பேசினார். “இந்த நெல் எந்தப் பறவைக்கும் அடிபணியாது. எந்த அதிகாரத்துக்கும் தலைவணங்காது. நாற்பது வருஷ ஆராய்ச்சியில் நான் கற்ற பாடம் ஒன்றுதான் நண்பர்களே. பயிரைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கக்கூடாது. கிட்டத்தில் பார்க்கிறவன் பயிரைத்தான் பார்ப்பான், ஆராய்ச்சியைப் பார்க்கமாட்டான்.” நாற்பத்தோரு பேரும் கை தட்டினார்கள். முந்திரி பக்கோடா வந்தது.

மறுநாள் சின்னப்பையனுக்கு இரண்டு காகிதம் வந்தது. முதலாவது சுற்றறிக்கை: ‘நிமிர்-1 பாத்தியில் எக்காரணம் கொண்டும் பறவைகளை விரட்டக்கூடாது. விரட்டினால், அவை தாமாகவே வராமலிருப்பதன் அறிவியல் மதிப்பு கெடும்.’ இரண்டாவது ஒரு பதிவேடு. மணிக்கு ஒரு தரம் நிரப்ப வேண்டும். வந்த பறவைகள் ஒரு கட்டம், வராத பறவைகள் ஒரு கட்டம். வந்த கட்டத்தில் சின்னப்பையன் சைபர் போட்டான். வராத கட்டத்தில் ‘நெறய’ என்று எழுதினான். பதிவேடு திரும்பி வந்தது. ‘நிறைய என்பது அறிவியல் அல்ல. எண்ணிக்கை தேவை.’ சரி என்று பக்கத்துப் பாத்திக்குப் போன குருவிகளையெல்லாம் எண்ணி, இங்கே வராதவை என்று எழுதினான். சாயங்காலம் மறுபடி திரும்பி வந்தது. ‘வராத பறவைகளில் ஆண் எத்தனை, பெண் எத்தனை?’

அவனும் மனசாட்சிக்குத் துரோகமில்லாமல் பாதிக்குப் பாதி போட்டுவிட்டான்.

இதுவரைக்கும் வேடிக்கைதான். பொங்கல் முடிந்த வாரம் நிர்வாகப் பிரிவு சூப்பரின்டெண்டென்ட் எத்திராஜ் கூப்பிட்டு அனுப்பினார். எத்திராஜ் மேசையில் கோப்பு திறந்திருந்தது. தன் கோப்பு என்று சின்னப்பையனுக்கு அதன் கிழிந்த நாடாவைப் பார்த்தே தெரிந்தது.

“சின்னப்பையா, அடுத்த பட்டத்துல நாலு ஏக்கரும் நிமிர்-1தான் போடறோம்.”

“சந்தோசம் சார்.”

“நிமிர்-1க்குக் குருவி வராது.”

“ஆமா சார்.”

“நீ குருவி ஓட்டறவன். குருவியே வரலைன்னா நீ எதை ஓட்டுவே? போஸ்டே தேவையில்லைன்னு ஆயிடுச்சு. நிரந்தரம் இல்லை, தற்காலிகமும் இல்லை. விழா முடிஞ்சதும் கணக்கு முடிச்சுக்கோ.”

சின்னப்பையன் அந்தக் கிழிந்த நாடாவையே பார்த்தான். பதினோரு வருஷம். தாத்தன் காலத்திலிருந்து அடுத்தவன் வயலில் சேறு மிதித்த குடும்பத்தில் முதல் முதலாக ஒருத்தன் கவர்மென்ட் ரிஜிஸ்தரில் ஏறப்போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். வாய் தானாகத் திறந்துகொண்டது.

“சார், தெரியாத்தனமா சொல்லாம உட்டுட்டேன். அது பதரு சார்! உள்ள அரிசியே இல்ல. அத்தொட்டுதான் குருவி வரல!”

எத்திராஜ் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. “எழுதிக் குடு. கூடவே பயிர் மரபியல்ல டாக்டர் பட்டம் வாங்கின சான்றிதழ் நகல் வை. சான்றிதழ் இல்லாம பதர்னு சொன்னா அது அபிப்பிராயம். குருவிக்கும் அதே விதிதான்.”

அன்று வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டான். பேபி விஷயத்தைக் கறந்தாள். கேட்டுவிட்டு ஒரே நிமிஷம் யோசித்தாள்.

“யோவ், இப்ப இன்னா? அந்தப் பாத்திக்குக் குருவி வந்தா உனக்கு வேலை கீது. வரலன்னா இல்ல. அவ்ளோதானே?”

“அவ்ளோதான்.”

“திருமிசையில எங்கண்ணன் களத்துல நெல்லு அடிச்சுகினு கீறான். ஒரு மூட்டை வாங்கியாந்து அந்தப் பாத்தியில இறைச்சு உடு. குருவி இன்னா, அதோட சொந்தக்காரங்கள்லாம் வரும்.”

“அடியே, அது தப்பில்ல?”

“அவனுங்க பதர நெல்லுன்றானுங்க. நீ நெல்லயே போடப்போற. இதுல எது தப்பு?”

பேபியின் அண்ணன் நாகப்பன் திருமழிசையில் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் வைப்பவன். மச்சானுக்காக ஒரு மூட்டையைச் சைக்கிளில் கட்டிக் கொடுத்தான். எதற்கு என்று கேட்டான். குருவிக்கு என்று சின்னப்பையன் சொன்னதும், ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கினான்.

விழா நாளும் வந்தது. விடிந்தும் விடியாததுமாகச் சின்னப்பையன் மூட்டையை அவிழ்த்து நிமிர்-1 பாத்தி முழுக்க, பயிர் இடுக்கிலும் வரப்பிலும், கல்யாண வீட்டில் அட்சதை போடுகிறவன் போலக் கையாரத் தூவினான். ஒரு மணியும் மிச்சம் வைக்கவில்லை.

பத்து மணிக்கு ஷாமியானாவுக்குள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். தில்லியிலிருந்து மூன்று பேர் குழு. நடுவில் இருந்த தலைவருக்குத் தமிழ் தெரியும், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரராம். இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“மாண்புமிகு குழுவினரே! ஒரு பறவை, ஒரே ஒரு பறவை இந்தப் பயிரைத் தொட்டதுண்டா? எங்கள் பதிவேட்டின்படி கடந்த இருபத்தாறு நாளில் பதினோராயிரத்து நானூறு பறவைகள் வரவில்லை. அவற்றில் சரிபாதி பெண்பறவைகள்!”

அந்த நேரம் பார்த்து வானம் இருண்டது. முதலில் தினைக்குருவிகள் வந்தன. பின்னால் சிட்டுக்குருவி, மைனா, கிளி. பட்டாபிராம் குடோன் கூரையில் நிரந்தரமாகக் குடியிருந்த புறாக் கூட்டம் முழுக்க, குஞ்சு குளுவான்களோடு வந்து இறங்கியது. இரண்டு சென்ட்டில் பயிரே தெரியவில்லை. சத்தத்தில் ஒலிபெருக்கி எடுபடவில்லை.

தில்லித் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “டாக்டர், இவை வராத பறவைகளா?”

இயக்குநர் ஒரு நொடிகூட தடுமாறவில்லை. அப்படித் தடுமாறுகிறவர்கள் இயக்குநராக முடியாது. “ஐயா, இதுநாள்வரை பறவைகள் தங்களை அடக்கிக்கொண்டிருந்தன. மணியின் சுவை இன்று அவற்றின் பொறுமையை வென்றுவிட்டது. எதிர்ப்புத் திறனையும் மீறிய சுவை!” என்று சொல்லிவிட்டு, ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு கத்தினார். “டேய், ஓட்டுடா!”

சின்னப்பையன் தகர டின்னை எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்தான். மடிப்பை நீவிப் பிரித்தான்.

“சார், எக்காரணம் கொண்டும் ஓட்டக்கூடாதுன்னு நீங்கதான் சார் கையெழுத்து போட்டுகீறீங்க. ஓட்டச் சொல்லி எழுதிக் குடுத்தா ஓட்றேன்.”

இயக்குநர் எத்திராஜைப் பார்த்தார். எத்திராஜ் குனிந்து, இயக்குநர் காதில் என்னவோ சொன்னார். அரை நிமிஷம் சொன்னார். இயக்குநர் முகத்தில் வெளிச்சம் வந்தது. எத்திராஜ் கையோடு வைத்திருந்த, நாடா கிழிந்த அந்தக் கோப்பு திறந்தது. ஒன்பது மேசை தாண்டி வந்து பத்தாவதில் நின்றுபோன காகிதத்தில், ஜீப்பின் முன்பக்கத்து மூடி மேல் வைத்து, இயக்குநர் கையெழுத்துப் போட்டார்.

“இந்தா. நீ இப்ப நிரந்தர ஊழியன். சுற்றறிக்கை ரத்து. ஓட்டு!”

சின்னப்பையன் ஓடினான் பாருங்கள், அப்படி ஓடினான். டின்னைத் தட்டிக்கொண்டு, அழுதுகொண்டு, சிரித்துக்கொண்டு ஓடினான். ஆனால் குருவிகள் சாப்பிட்டு முடித்துத் தாமாகத்தான் கிளம்பின. ஒரு மூட்டை நெல் என்ன பெரிய நெல்? அன்று சாயங்காலம் நெமிலிச்சேரி ரயில்வே கேட்டுக்கு அந்தாண்டை கடையில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிப் போனான். பேபி வேலை ஆணையை அம்மன் படத்துக்குப் பக்கத்தில் செருகினாள். கடைசிப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் அப்பன் வேலை என்ன என்று எழுதத் தெரியாமல் இத்தனை நாள் ‘ஆள்’ என்று எழுதி வந்தாள். இனி ‘அரசு ஊழியர்’ என்று எழுதச் சொன்னான்.

இரண்டு நாள் கழித்து அறுப்பு. தில்லிக் குழுவும் நின்று பார்த்தது. அடித்துத் தூற்றியபோது காற்றோடு எல்லாம் பூந்தமல்லி ரோட்டுப் பக்கம் பறந்தது. முறத்தில் மிஞ்சியதை எடைபோட மருந்துக்கடைத் தராசு வேண்டியிருந்தது. வைக்கோல் மட்டும் பிரமாதம்.

மறுநாள் சின்னப்பையனுக்கு ஒரு உறை வந்தது. நிரந்தர ஊழியனுக்கு வந்த முதல் கடிதம். சம்பள உத்தரவு என்று நினைத்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பிரித்தான். குற்றச்சாட்டுக் குறிப்பாணை. ‘தங்கள் பொறுப்பிலிருந்த நிமிர்-1 பாத்தியில் விளைந்த ஏழு டன் நெல்லைக் கடமை தவறிப் பறவைகளுக்குத் தின்னக் கொடுத்தமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?’

எத்திராஜ் அறைக்கு ஓடினான். அங்கே இயக்குநரும் இருந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நாற்காலியைக் காட்டி, “உட்காருப்பா” என்றார். அதிலேயே சின்னப்பையனுக்குப் பாதி உயிர் போயிற்று.

“சார், ரெண்டு சென்ட்டுல ஏழு டன்னு எப்பிடி சார் வெளையும்?”

“ஆண்டறிக்கையில ஹெக்டேர் கணக்கு இருக்கு. மெமோ அறிக்கையோட ஒத்துப்போகணும். வயலோட ஒத்துப்போகணும்னு விதி இல்லை” என்றார் எத்திராஜ்.

“அன்னிக்கு ஆர்டர் குடுத்தீங்களே சார்...”

“அதுக்குத்தானே குடுத்தது. தற்காலிகக் கூலிக்கு மெமோ குடுக்க முடியாது. பொறுப்பு சுமத்த நிரந்தரமா ஒரு ஆள் வேணும். இல்லைன்னா பொறுப்பு ஐயா மேலே வந்து நிக்கும். அன்னைக்குக் காதுல இதைத்தான் சொன்னேன்.”

இயக்குநர் கனிவாகக் குறுக்கிட்டார். “பயப்படாதே. அறிவியல்ல முடிவு முதல்ல வரும், ஆதாரம் பின்னாலே வரும். ஏழு டன் விளைஞ்சது, குருவி தின்னுடுச்சு, என் அஜாக்கிரதைதான்னு ஒப்புத்துக்கோ. மூணு வருஷம் சம்பள உயர்வு கிடையாது, அவ்வளவுதான். வேலை போகாது.”

“இல்லன்னு எழுதினா சார்?”

எத்திராஜ் விரலை மடக்கினார். “நெல் இல்லைன்னு எழுதினா, குருவி தின்ன ஒண்ணுமில்லைன்னு ஆகும். தின்ன ஒண்ணுமில்லைன்னா குருவி வராது. குருவி வராதுன்னா போஸ்ட் இல்லை. போஸ்ட் இல்லைன்னா நீ வாங்கின ஆர்டர் செல்லாது.”

வாக்குமூலம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. கையெழுத்து போடுகிற இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறிகூடப் போட்டு வைத்திருந்தார்கள். சின்னப்பையனுக்கு அவமானமாக இருந்தது. அந்த மணிகளை அவன்தான் நசுக்கிப் பார்த்தவன். உள்ளே காற்றைத் தவிர ஒன்றும் இல்லை என்று உலகத்தில் முதலில் தெரிந்தவன் அவன்தான். குருவிகளுக்கு அடுத்தபடி. பேனா மூடியைக் கழற்றினான், மறுபடி மூடினான். இயக்குநர் அவசரப்படுத்தவில்லை, டீ வரவழைத்தார். டீ ஆறும்போது சின்னப்பையன் கையெழுத்துப் போட்டான்.

அந்தக் காகிதம் தில்லிக்குப் போயிற்று. நிமிர்-1 ஏழு டன் விளைந்தது என்பதற்கு உலகத்தில் வேறு சாட்சியம் கிடையாது. எடைச்சீட்டு இல்லை, நெல்லும் இல்லை. மையத்தின் ஆராய்ச்சியில் பிழையில்லை, குறை காவலில்தான் என்று தஞ்சாவூர்த் தலைவர் குறிப்பெழுதி, ரகத்தை அங்கீகரித்தார். பக்தவத்சலம் அவர்களுக்கு ஒரு பொன்னாடையும் ஒரு வருஷம் பதவி நீட்டிப்பும் கிடைத்தன.

சின்னப்பையன் வீட்டுக்குப் போனபோது பேபி அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“கூப்ட்டு இன்னா கேட்டாங்க?”

“ஒரு கையெழுத்து கேட்டாங்க. போட்டேன்.”

“இன்னான்னு?”

“ஏழு டன்னு நெல்ல குருவி துன்னுட்ச்சின்னு.”

பேபி அரிசி களைவதை நிறுத்தினாள். “யோவ், அந்தப் பாழாப்போன பாத்தியில ஏதுய்யா நெல்லு? நம்ம போட்டது ஒரு மூட்டை. ஏழு டன்ன எங்க துன்னுச்சு?”

சின்னப்பையன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

“துன்னுச்சுமே. அது துன்னாத்தான் நம்ம துன்ன முடியும். நீ உலைய பாரு.”